காப்பும் கைவிட்ட ஊதியமும்

பொருளீட்டும் முயற்சி எதுவாயினும் அதில் ஊதியமும் இழப்பும் இரட்டைப் பிள்ளைகளாகவே பிறக்கின்றன. இழப்பை மட்டும் விலக்கி ஊதியத்தை முழுமையாக வைத்துக்கொள்ளும் வழியொன்று உண்டாயின் அதனை உலகம் என்றோ கண்டுபிடித்திருக்கும். அத்தகைய வழி இன்மையால், ஊதியத்தில் ஒரு பகுதியைக் கைவிட்டு அதற்கு ஈடாக இழப்பில் ஒரு பகுதியைத் தவிர்த்துக்கொள்ளும் ஏற்பாடுகளையே மக்கள் காலந்தோறும் வகுத்து வந்துள்ளனர். ஊதியத்தை நம்பி முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்பது திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் தரும் அறிவுரை. முதலைக் காப்பதற்கு என்ன விலை, அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

இவ்வினாக்களை எழுப்புவதற்கு வடமராட்சியின் மேற்கெல்லையில், கடனீரேரி கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த தொண்டைமானாறு பொருத்தமான இடமாகும். கலிங்கத்துப்பரணியின் தலைவர்களுள் ஒருவனாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு இவ்வாற்றை வெட்டுவித்தான் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் ஐதிகம் கூறும். முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் இச்செய்திக்கு இடமளித்துள்ளார். ஐதிகத்தின்படி, உப்பு வெளியே செல்லவேண்டும் என்பதற்காகத் திறக்கப்பட்ட வாய் இது.

இருபதாம் நூற்றாண்டிலோ, அதே வாயை உப்பு உள்ளே வராமல் அடைக்கவேண்டிய தேவை எழுந்தது. ஆறுகள் இல்லாத குடாநாட்டில் குடிநீரும் பயிர்நீரும் சுண்ணக்கற் பாறையிலுள்ள நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. கடனீரேரியின் உவர்நீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்து வந்தது. மாரிமழையை ஏரியிலே தேக்கி, கடல்நீரைத் தடுத்து, ஏரியைப் படிப்படியாக நன்னீராக்குவதே நோக்கமாக, 1950களின் தொடக்கத்தில் தொண்டைமானாற்று வாயிலே கதவுகளுடன் கூடிய தடுப்பணை எழுந்தது. பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்திலும் இவ்வணை ஓர் இன்றியமையா உறுப்பாகும்.

இத்தடுப்பணை தந்த காப்பின் இயல்பு கூர்ந்து நோக்கற்பாலது. கதவுகள் மூடியிருக்கும்போது உவர் தடுக்கப்படுகின்றது. ஆனால் அதே கதவுகள் கடலிலிருந்து ஏரிக்குள் வரும் இறாற்குஞ்சுகளையும் மீன்குஞ்சுகளையும் தடுக்கின்றன. வயலுக்கும் கிணற்றுக்கும் வரவிருந்த கேடு குறைய, ஏரியிலே தொழில் செய்வோருக்கு வரவிருந்த பேறும் குறைகின்றது. அன்றியும் அக்காப்புக்கு ஓர் எல்லையும் உண்டு. மரக்கதவுகள் உக்கி நீர் கசிந்த காலங்களில் அணை என்னும் பெயர் நின்றது, காப்பு நிற்கவில்லை. எனவே காப்பு ஒவ்வொன்றும் மூன்று கூறுகளை உடையது எனலாம். எவ்வளவு இழப்பு வரை அது தாங்கும் என்பது ஒன்று. எவ்வளவு காலம் தாங்கும் என்பது மற்றொன்று. அதற்காக எந்த ஊதியம், யாருடைய ஊதியம் கைவிடப்படுகின்றது என்பது மூன்றாவது.

நிலத்தில் மட்டுமன்றி நீரிலும் இக்கணக்கு பழையது. தொண்டைமானாறும் வல்வெட்டித்துறையும் அமைந்த கரையோரம் பாய்க்கப்பலோட்டத்துக்குப் பெயர்பெற்றது. இக்கரையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளால் செலுத்தப்பெற்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மசாசூசெற்சு மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இத்தகைய திறமை வாய்ந்த மாலுமிகளாலும் புயலை விலக்க இயலாது. ஒரு குடும்பத்தின் செல்வம் முழுவதும் ஒரே மரக்கலத்தில் இருக்குமாயின் ஒரு வாடைக்காற்று அதனை அழித்துவிடும். கடலோடும் மக்கள் எங்கும் இடரைப் பலர்மேற் பகிர்ந்து வைக்க முயன்றமைக்குக் காரணம் இதுவே.

அப்பகிர்வின் விலை பண்டை நூல்களிலே பதிவாகியுள்ளது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகாற் பணத்தை முறையான வட்டி எனக் கொள்கின்றது. வணிகத்துக்கு 5 பணமும், காட்டுவழி செல்வோருக்கு 10 பணமும், கடல்வழி செல்வோருக்கு 20 பணமும் எனப் பின்னர் அது ஏறிச் செல்கின்றது. பணம் ஒன்றே, வழியின் இடர் வேறாதலின் விலையும் வேறாயிற்று. கிரேக்க நாட்டில் கி.மு. நான்காம் நூற்றாண்டில் தெமொஸ்தெனீசின் வழக்குரையொன்றில் இடம்பெறும் கடற்கடன் உடன்படிக்கை இதனை இன்னும் தெளிவாக்குகின்றது. சரக்கு பத்திரமாகத் திரும்பினால் மட்டுமே கடன் திருப்பிக் கொடுக்கப்படும். கப்பல் அழிந்தால் கடனும் அழியும். அதற்காக ஆயிரத்துக்கு 225 வட்டி. பருவம் தவறிக் காலந்தாழ்த்திப் புறப்பட்டால் ஆயிரத்துக்கு 300. பயணம் வெற்றியாயின் வணிகன் தன் ஊதியத்தில் பெரும் பகுதியைக் கடன் கொடுத்தோனுக்கு ஈந்தான். தோல்வியாயின் கடனிலிருந்து விடுபட்டான். ஊதியத்தை விற்றுக் காப்பை வாங்கிய பழைய ஒப்பந்தம் இது.

வேளாண்மையிலும் இதுவே நடைமுறை. குத்தகைக்கு நிலம் எடுத்தவன் விளைச்சல் எதுவாயினும் குறித்த தொகையைக் கொடுக்கவேண்டும்; மிகுதி முழுவதும் அவனுக்கே உரியது, குறைவும் அவனுக்கே உரியது. வாரத்துக்கு எடுத்தவனோ விளைந்ததில் ஒரு பங்கைக் கொடுக்கின்றான். நல்ல போகத்தில் அவன் கொடுப்பது அதிகம்; மழை பொய்த்த போகத்தில் அவன் கடமையும் சுருங்குகின்றது. வயலில் இறங்கும் ஏழை உழவன் குத்தகையிலும் வாரத்தை விரும்பினானாயின் அது கணக்கறியாமையால் அன்று. ஒரு போகத்தின் அழிவைத் தாங்கும் வலு அவனிடம் இல்லை என்பதே காரணம்.

மேற்கூறியவற்றிலெல்லாம் காப்பு அளிப்பவனும் பெறுபவனும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். முன்பின் அறியாத இருவர் இடரை வாங்கி விற்கும் அமைப்பு நிதிச்சந்தையின் வளர்ச்சியோடு வந்தது. குறித்த நாளில் குறித்த விலைக்கு ஒரு பங்கை வாங்கும் உரிமையையோ விற்கும் உரிமையையோ தனியே விலைபேசும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டு அம்சுடர்டாமிலேயே இருந்தது. எனினும் 1973 ஏப்ரல் 26இல் சிக்காகோ நகரில் இவ்வுரிமைகளுக்கெனத் தனிச்சந்தை திறக்கப்பட்டதும், அவ்வாண்டிலேயே பிளாக், சோல்ஸ் ஆகிய இருவரும் அவற்றின் விலையைக் கணிக்கும் சமன்பாட்டை வெளியிட்டதும் ஒரு திருப்பமாயின. 1993இல் அமெரிக்காவின் ‘எஸ் அன்ட் பீ 500’ சுட்டெண்ணைப் பின்பற்றி, பங்கைப் போலவே சந்தையில் கைமாறும் நிதியம் தோன்றியது. இவ்விரு ஏற்பாடுகளும் 2018 ஆகஸ்டில் ஒன்றுசேர்ந்தன. ‘பஃபர்’ நிதியம் என வழங்கும் புதுவகை நிதியத்தை இன்னொவேற்றர் என்னும் அமெரிக்க நிறுவனம் அப்பொழுது சந்தைக்குக் கொணர்ந்தது. வேதியியலார் பயன்படுத்தும் சொல்லை இரவல் பெற்று இதனைத் தாங்கு நிதியம் எனலாம்.

தாங்கு நிதியத்தின் செயன்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சுட்டெண் இன்று 100இல் நிற்கின்றது எனக் கொள்வோம். நிதியம் சுட்டெண்ணோடு சேர்ந்து ஏறி இறங்கும் முதலீட்டை வைத்துக்கொண்டு, ஓராண்டின் முடிவில் அதனை 100க்கு விற்கும் உரிமையை வாங்குகின்றது. இவ்வுரிமை விலையுயர்ந்தது. அச்செலவை ஈடுசெய்ய, 90க்கு விற்கும் உரிமையை வேறொருவருக்கு விற்கின்றது. ஆதலால் முதற் 10 வீத வீழ்ச்சி மட்டுமே தாங்கப்படும், அதற்குக் கீழான வீழ்ச்சி முதலீட்டாளரையே சாரும். அதுவும் போதாமையால், 114க்கு வாங்கும் உரிமையையும் விற்கின்றது. ஆதலால் 14 வீதத்துக்கு மேற்பட்ட ஏற்றம் அதனை வாங்கியோருக்குச் செல்லும். மூன்றும் சேரும்போது ஒன்றின் செலவை மற்றவற்றின் வரவு சரிக்கட்டிவிடுகின்றது.

இதன் விளைவு வருமாறு: ஆண்டிறுதியில் சுட்டெண் 94 ஆயின் முதலீட்டாளருக்கு 100, 75 ஆயின் 85, 109 ஆயின் 109, 130 ஆயின் 114. கட்டணம் வேறு உண்டு; முதலில் வந்த நிதியங்கள் ஆண்டுக்கு 0.79 வீதம் அறவிட்டன. பங்குகள் ஈட்டும் பங்கிலாபமும் முதலீட்டாளருக்குக் கிட்டுவதில்லை. 9 வீதம், 15 வீதம் எனத் தாங்கும் அளவுகள் பல உள. தாங்கும் அளவு மிகும்தோறும் மேலெல்லை தாழ்ந்து வரும். சந்தையிலே அச்சம் மிகும்போது காப்பின் விலையும் ஏறுகின்றது. எனினும் விற்கப்படும் உரிமைகளின் விலையும் உடன் ஏறுவதாலும், வட்டி வீதத்தின் பங்கும் இருப்பதாலும் மேலெல்லை ஆண்டுதோறும் மாறும்.

இம்மாற்று நட்டமா, இலாபமா என்பது எந்த ஆண்டைப் பார்க்கின்றோம் என்பதைப் பொறுத்தது. பங்கிலாபமும் கட்டணமும் நீங்கலாக, 10 வீதத் தாங்கலும் 14 வீத மேலெல்லையும் மூவாண்டும் மாறாதிருந்ததாகக் கணக்குக்காகக் கொள்வோம். மெய்யான சுட்டெண் 2022இல் 19.4 வீதம் வீழ்ந்தது, 2023இல் 24.2 வீதமும் 2024இல் 23.3 வீதமும் ஏறியது. 2022இன் தொடக்கத்தில் இருந்த 100, சுட்டெண்ணில் அவ்வாண்டின் முடிவில் ஏறத்தாழ 81 ஆயிற்று. தாங்கு நிதியத்தில் ஏறத்தாழ 91 ஆகியிருக்கும். 2023இன் முடிவில் சுட்டெண் 100க்கு மீண்டது. நிதியம் 103இல் நின்றிருக்கும். 2024இன் முடிவிலோ சுட்டெண் 123, நிதியம் 118. தீய ஆண்டில் முந்தியவர் நல்ல ஆண்டுகள் இரண்டு தொடர்ந்ததும் பின்தங்கிவிட்டார். ஓய்வூதியத்துக்கு ஓராண்டே இருப்பவருக்கு 2022இல் கிடைத்த அந்த 10 அரும்பொருள். முப்பதாண்டு உழைப்பை முன்னே வைத்திருக்கும் இளைஞருக்கோ, ஆண்டுதோறும் கைவிடப்படும் ஏற்றம் சேர்ந்து சேர்ந்து பெருந்தொகையாகும். காப்பின் விலை பொதுவானது. அதன் பெறுமதி ஆளுக்காள் வேறுபடும்.

இந்நிதியத்திலும் முன்கூறிய கூறுகள் அப்படியே உள்ளன. தாங்கும் அளவு எழுத்திலே உள்ளது. 2008இல் அதே சுட்டெண் 38.5 வீதம் வீழ்ந்தது. 10 வீதத் தாங்கலை உடையவர் அத்தகைய ஆண்டில் 28.5 வீதத்தை இழந்தே தீரவேண்டும். காலமும் எழுத்திலே உள்ளது. ஆண்டின் முதல்நாள் வாங்கி இறுதிநாள் வரை வைத்திருப்பவருக்கே சொன்ன கணக்குப் பொருந்தும். இடையிலே வாங்கியவருக்கு மேலெல்லை ஏற்கெனவே நெருங்கியிருக்கலாம், தாங்கலில் ஒரு பகுதி ஏற்கெனவே கரைந்திருக்கலாம். விலை கொடுப்பவரும் தெளிவு. காப்பைப் பெறுபவர் எவரோ அவரே தம் எதிர்கால ஏற்றத்தை விலையாகக் கொடுக்கின்றார்.

காப்பின் பின்னால் நிற்பவர் யார் என்னும் மற்றொரு வினாவையும் அண்மைக்கால வரலாறு கற்பித்துள்ளது. 1980களில் அமெரிக்காவின் பெரிய ஓய்வூதிய நிதியங்கள் ‘முதலீட்டுக் காப்புறுதி’ என்னும் முறையைக் கையாண்டன. விற்கும் உரிமையை எவரிடமும் வாங்காமல், சந்தை வீழ வீழக் கணினி விதிப்படி விற்றுக்கொண்டு செல்வதே அம்முறை. அதில் எதிர்ப்பக்கத்தில் உறுதியளித்து நிற்பவர் எவருமில்லை. 1987 ஒக்டோபர் 19இல் பலரும் ஒரே வேளையில் விற்க முனைந்தபோது வாங்குவோர் அரியராயினர். டவ் ஜோன்ஸ் சுட்டெண் ஒரே நாளில் 22.6 வீதம் வீழ்ந்தது. அவ்வீழ்ச்சியை மேலும் ஆழமாக்கியவற்றுள் இக்காப்பு முறையும் ஒன்று. 2008 செப்டம்பர் 15இல் லீமன் பிரதர்ஸ் வங்குரோத்தானபோது, அந்நிறுவனம் வெளியிட்ட ‘முதல் காக்கப்பட்ட’ பத்திரங்களை வைத்திருந்தோர் காப்பளித்தவரே வீழ்ந்ததைக் கண்டனர். இன்றைய தாங்கு நிதியங்களின் ஒப்பந்தங்களுக்கு இடையில் ஒரு தீர்வு நிறுவனம் நிற்பதனால் அவ்வகை இடர் குறைந்துள்ளது. அற்றுப்போய்விட்டது என்று கூறுதல் இயலாது.

அமெரிக்கச் சந்தையின் இச்செய்தி இலங்கையருக்கு எவ்வகையிற் பொருந்தும் எனக் கேட்கலாம். இலங்கையிற் கூலி பெறும் பெரும்பாலான தனியார்துறை ஊழியரின் முதுமைக்காப்பு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ஊழியர் சேமலாப நிதியமாகும். அதன் முதலீட்டிற் பெரும்பகுதி அரசாங்கப் பத்திரங்களில் உள்ளது. உறுப்பினர் பங்குச் சந்தையின் ஏற்றத்தைப் பெரும்பாலும் கைவிட்டு, முதல் குறையாமையையும் நிலையான வட்டியையும் பெறுகின்றார். பெயரில்லாவிடினும் இதுவும் ஊதியத்தைக் கைவிட்டுக் காப்பைக் கொள்ளும் ஏற்பாடே.

2022 அவ்வேற்பாட்டைச் சோதித்தது. மார்ச்சில் உரூபாவின் பெறுமதி சரிந்தது. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துதல் நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டு, டிசம்பரில் 57.2 வீதமாக நின்றது. அவ்வாண்டுக்கு நிதியம் வழங்கிய வட்டி 9 வீதம். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த 100 உரூபா 109 ஆயிற்று. 100 உரூபாவுக்கு வாங்கக்கூடியதாக இருந்த பொருள்களின் விலையோ ஏறத்தாழ 157 ஆயிற்று. வாங்கும் வலுவைக் கொண்டு அளந்தால் எஞ்சியது ஏறத்தாழ 69. உரூபாவின் எண்ணிக்கை காக்கப்பட்டது. அரிசியின் அளவு காக்கப்படவில்லை.

2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. சேமலாப நிதியங்கள் தம் கையிலுள்ள அரசாங்க முறிகளை நீண்டகாலத்துக்குரிய, பிற்காலத்தில் குறைந்த வட்டி தரும் முறிகளாக மாற்றிக்கொள்ளுமாறு வேண்டப்பட்டன. மாற்றாதவற்றின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்பது நிபந்தனை. உறுப்பினருக்கு 9 வீதத்துக்குக் குறையாத வட்டி கிடைக்கும் என அரசாங்கம் கூறியது. இங்கே கீழெல்லை ஒன்று வைக்கப்பட்டமை மெய்யே. ஆனால் அதற்காக எந்த எதிர்கால வருமானம் கைவிடப்பட்டது என்னும் கணக்கை ஏட்டில் எழுதிக் கையெழுத்துக் கேட்டவர் எவருமிலர். ஆடைத் தொழிற்சாலையிலும் கடையிலும் தோட்டத்திலும் உழைப்போரின் முதுமைப்பணம் அது.

சந்தையில் விற்கப்படும் தாங்கு நிதியத்துக்கும் பொதுமக்களுக்கு அளிக்கப்படும் காப்புகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வெளிப்படுகின்றது. முன்னதில் எல்லை இத்தனை வீதம், காலம் இத்தனை மாதம், கைவிடும் ஏற்றம் இவ்வளவு எனக் கையொப்பத்துக்கு முன்னரே தெரியும், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். பின்னதில் காப்பு கொடையைப் போலத் தோற்றமளிக்கின்றது. அதன் விலை வேறெங்கோ, வேறெவராலோ, வேறொரு காலத்திலே செலுத்தப்படுகின்றது. தொண்டைமானாற்று அணையால் நன்மை பெறுபவன் கமக்காரன்; விலையைச் செலுத்துபவன் ஏரியில் வலை வீசுபவன். இருவரும் ஒருவரல்லர். சேமலாப நிதியத்திலே இருவரும் ஒருவரே. ஆனால் விலை அவருக்குச் சொல்லப்படவில்லை.

இதனாற் காப்பு வேண்டாம் என்பது பெறப்படாது. அணை இல்லாவிடின் கிணறுகள் உவராகும். சேமலாப நிதியம் இல்லாவிடின் தொழிலாளியின் முதுமை வெறுங்கையோடு கழியும். வேண்டுவது, காப்பின் கணக்கு வெளிப்படையாக வைக்கப்படுதல். எந்த மாதத்தில் கதவு திறக்கப்படும், எப்பொழுது மூடப்படும் என்பதைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் ஒரே அவையில் இருந்து தீர்மானிக்கலாம். இழப்பவருக்கு ஈடு வகுக்கலாம். சேமலாப நிதியத்தின் கீழெல்லையை உரூபாவில் மட்டுமன்றி விலைவாசியோடு ஒப்பிட்டும் உறுப்பினருக்கு ஆண்டுதோறும் அறிவிக்கலாம். இவை பெருஞ்செலவு வேண்டாத சீர்திருத்தங்கள்.

கி.மு. நான்காம் நூற்றாண்டு வணிகன் ஆயிரத்துக்கு 225 என்பதை அறிந்தே கப்பலேறினான். இருபத்தோராம் நூற்றாண்டு முதலீட்டாளரும் 14 வீதத்துக்கு மேல் தமக்கில்லை என்பதை அறிந்தே வாங்குகின்றார். விலையறிந்து காப்பைக் கொள்ளும் அவ்வுரிமை பணம் படைத்தோரின் தனிச்சொத்தாக இருத்தல் தகாது. நாட்கூலியிற் பிடிக்கப்பட்ட பணத்துக்கும் ஏரிக்கரையின் ஒரு நாட்பிடிக்கும் அவ்வுரிமை உண்டு.